டிரைகிளிசரைடு 310-லிருந்து 162-க்கு வந்தது எப்படி: என் அனுபவம்

போன வருடம் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, 310 என்று வந்தது, 150-க்குள் இருக்க வேண்டியது. பயத்தில் ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) நல்லது என்று நம்பி, வைட்டமின் ஈ மாத்திரை வாங்கி மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தால் 298. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: 2000-ல் வெளியான ஹோப் (HOPE) என்ற இதய நோய்த் தடுப்பு ஆய்விலேயே, தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. டிரைகிளிசரைடை ஏற்றுவது பெரும்பாலும் சர்க்கரை, மாவுச்சத்து, மது. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது.

அப்புறம்தான் என் தட்டைப் பார்த்தேன். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ராத்திரி தட்டு நிறையச் சோறு. சர்க்கரையை அடியோடு நிறுத்தி, சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் வைத்தேன், வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு, சாயங்காலம் 40 நிமிட நடை. பழச்சாறு வேண்டாம், அதிலும் சர்க்கரைதான். நெல்லிக்காயையும் கொய்யாவையும் கடித்தே சாப்பிடுகிறேன், நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. சர்க்கரை இல்லாத டீக்கு நாக்கு பழக மூன்று வாரம் ஆனது, அதுதான் ரொம்பக் கஷ்டம். நாலு மாதத்தில் 162.

500-ஐத் தாண்டியவர்கள் மட்டும் இப்படிச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள், கணைய அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது.