முதல் டிரிகரையே 200 பதிவுகளுக்காக எழுதுங்கள்

வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில், ஒரு பதிவு சேர்க்கப்படும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் நிரலை டிரிகர் என்பார்கள். புதிதாக அதை எழுத வருபவர்களுக்கு, சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான ஏபெக்ஸ் பெரிய தடையாக இருக்காது. ஜாவா தெரிந்தால் சீக்கிரம் கைவந்துவிடும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வரில்தான் நம் நிரல் ஓடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டார் குழாயைத் திறந்துவிட்டுப் போனால், மேல்தொட்டி வற்றி எல்லா வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும். அதற்காகவே வரம்புகள்: ஒரு பரிவர்த்தனைக்குள் பதிவுகளைத் தேடி எடுக்கும் எஸ்.ஓ.கியூ.எல். வினவல்கள் 100, பதிவுகளைச் சேர்க்கும், மாற்றும் டி.எம்.எல். கட்டளைகள் 150.

புதிய கான்டாக்டில் (தனிநபர் பதிவு) தொலைபேசி எண் காலியாக இருந்தால், அவருடைய அக்கவுன்டில் (அவர் சார்ந்த நிறுவனத்தின் பதிவு) உள்ள எண்ணை நிரப்பும் டிரிகரை எழுதிப் பார்ப்போம். இதை நிரலே இல்லாமல், சேல்ஸ்ஃபோர்ஸின் தானியங்கிக் கருவியான ஃப்ளோவிலும் செய்யலாம். உண்மையான வேலையில் நான் அதையே பரிந்துரைப்பேன். இங்கே பழகுவதற்காக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இலவச டெவலப்பர் எடிஷன் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள்.

படி 2: டெவலப்பர் கன்சோலில் கான்டாக்டுக்கு ஒரு டிரிகரை உருவாக்கி, நிகழ்வாக 'பிஃபோர் இன்சர்ட்' என்பதைக் கொடுங்கள். பதிவு சேமிக்கப்படும் முன்பே மதிப்பை மாற்றுவதால் தனியாக டி.எம்.எல். தேவையில்லை.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். என் முதல் டிரிகரில் வினவலை லூப்புக்குள் எழுதியிருந்தேன். திரையில் ஒரு கான்டாக்டைச் சேர்த்தேன். எண் சரியாக வந்து நின்றது. பிறகு ஒருநாள் வாடிக்கையாளர், பதிவுகளை மொத்தமாக ஏற்றும் டேட்டா லோடர் கருவி வழியாக 200 200 ஆகக் கான்டாக்டுகளை ஏற்றினார். 'டூ மெனி எஸ்.ஓ.கியூ.எல். குவரீஸ்: 101' என்ற பிழை வந்தது. முதல் நூறாவது சேர்ந்திருக்கும் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. வரம்பைத் தாண்டினால் முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடும். ட்ரை, கேட்ச் போட்டும் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது.

எனவே இரண்டு லூப் எழுதுங்கள். முதல் லூப், எண் இல்லாத கான்டாக்டுகளின் அக்கவுன்ட் ஐ.டி.களை ஒரு செட்டில் சேர்க்கட்டும். அது முடிந்ததும் அந்த செட்டை வைத்து ஒரே ஒரு வினவல். விடையை மேப்பில் போடுங்கள். இரண்டாவது லூப் மேப்பிலிருந்து எண்ணை எடுத்து நிரப்பட்டும். அக்கவுன்டே இல்லாத கான்டாக்டுகளும் உண்டு. அதனால் ஐ.டி. மேப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணைத் தொடுங்கள்.

படி 4: டெஸ்ட் கிளாஸ். நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோக, ஏபெக்ஸ் நிரலில் குறைந்தது 75 சதவீதத்தை டெஸ்டுகள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே கான்டாக்டை வைத்தே அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம் என்பதுதான் ஆபத்து. டெஸ்டுக்குள் 200 கான்டாக்டுகளை நீங்களே உருவாக்குங்கள். ஏற்கெனவே எண் உள்ளவை சிலவும், அக்கவுன்ட் இல்லாதவை சிலவும் அவற்றில் இருக்கட்டும். சேமித்த பிறகு ஒரு வினவல் போட்டு, எண்கள் சரியாக நிரம்பினவா என்று சரிபாருங்கள்.

படி 5: வாடிக்கையாளரின் சாண்ட்பாக்ஸில் (சோதித்துப் பார்ப்பதற்கான நகல்) கான்டாக்டுக்கு வேறு டிரிகர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மற்றவர்கள் எழுதிய டிரிகரின் வினவல்களும் அதே நூற்றுக்குள் அடங்க வேண்டும். எது முதலில் ஓடும் என்பதற்கும் உறுதி கிடையாது. வேறு டிரிகர் இருந்தால், புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், உங்கள் நிரலை ஒரு கிளாஸில் வைத்து அந்த டிரிகரிலிருந்தே அழையுங்கள்.

கடைசியாக டெஸ்டை ஓட்டி, நிரல் ஓடியதன் பதிவேடான டீபக் லாகைத் திறங்கள். 'நம்பர் ஆஃப் எஸ்.ஓ.கியூ.எல். குவரீஸ்' என்ற வரியில் 100-க்கு எத்தனை என்று இருக்கும். சரிபார்க்க நீங்கள் போட்ட வினவலும் சேர்ந்து 2 என்றோ 3 என்றோ காட்டினால் கவலை இல்லை. கான்டாக்டுகளைக் கூட்டக் கூட்ட அந்த எண்ணும் கூடினால், எங்கோ ஒரு லூப்புக்குள் வினவல் உட்கார்ந்திருக்கிறது.