சதுர அறைக்கு வட்டக் கூரை: கவராயத்தால் வரைந்து பார்ப்போம்

பாரசீக மசூதி என்றதும் எல்லாருக்கும் நீல ஓடுதான் ஞாபகம் வரும். நாம் ஓடே இல்லாத இடத்தில் தொடங்குவோம். ஈரானின் இஸ்ஃபஹான் நகரிலுள்ள ஜாமே (வெள்ளிக்கிழமைத் தொழுகை) மசூதியின் வடக்குக் கவிமாடம், அதாவது குவிந்த வட்டக் கூரை, அன்று ஈரானை ஆண்ட செல்ஜூக் துருக்கியரின் அரசவையைச் சேர்ந்த தாஜ் அல்-முல்க் 1088-இல் கட்டுவித்தது. உள்ளே முழுக்கச் செங்கல். அவருக்குப் போட்டியாளரான அமைச்சர் நிஜாம் அல்-முல்க் சற்று முன்புதான் அதே மசூதியின் தெற்கில் ஒரு கவிமாடம் எழுப்பியிருந்தார். வடக்கிலுள்ளது அதற்குப் பதிலடி என்றே எனக்குப் படுகிறது.

அறை சதுரம், கூரை வட்டம். வட்டத்துக்கு வெளியே மிஞ்சுகிற நாலு மூலையை என்ன செய்வது? வரைந்தால் புரிந்துவிடும். ஜியாமெட்ரி பாக்ஸை எடுங்கள்.

படி 1: 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். வடக்குக் கவிமாடத்தின் அகலமும் ஏறக்குறைய 10 மீட்டர்தான். ஆக, உங்கள் தாளில் மீட்டர் சென்டிமீட்டராகிவிட்டது.

படி 2: இரண்டு மூலைவிட்டங்களையும் போடுங்கள். அவை வெட்டுமிடம் மையம்.

படி 3: கவராய முள்ளை ஒரு மூலையில் ஊன்றி, பென்சில் முனையை மையம்வரை விரியுங்கள். அந்த அளவு மாறாமல், பக்கத்திலுள்ள இரு கோடுகளையும் வெட்டும்படி வில் போடுங்கள். நாலு மூலையிலும் இப்படியே. நாலு வில்லும் மையத்தைத் தொட்டே போக வேண்டும்; தொடவில்லையென்றால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. என்னுடையது எப்போதும் மூன்றாவது மூலையில்தான் நழுவும்.

படி 4: வில்கள் பக்கங்களை வெட்டிய எட்டுப் புள்ளிகளையும் வரிசையாகச் சேருங்கள். எண்கோணம் தயார். ஒவ்வொரு பக்கமும் சுமார் 41 மி.மீ. வரும்.

இப்போது மூலையில் விழுந்த சாய்கோட்டைப் பாருங்கள். கட்டடத்தில் அந்தக் கோட்டின்மேல் ஒரு வளைவு நிற்கிறது. மூலைக்குக் குறுக்கே பாலம் போட்டதுபோல. கவிமாடத்தின் பாரம் அதன் வழியாகச் சுவருக்கு இறங்கும். இந்த உத்தி இஸ்லாத்துக்கு முந்தியது. ஈரானின் ஃபிருசாபாத்தில், இஸ்லாத்துக்கு முன் அங்கே ஆண்ட சாசானிய வம்சத்து மன்னர் அர்தஷீர் 3-ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனையிலேயே மூலை வளைவின்மேல் கவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. நாலு வளைவின்மேல் ஒரு மாடம் என்ற ‘சஹார் தாக்’ வடிவமும் அந்தக் காலத்ததுதான்.

படி 5: மையத்திலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். எண்கோணத்தின் எட்டுப் பக்கங்களையும் நடுவில் தொடும்; அவை எட்டுப் புள்ளிகள். மையத்திலிருந்து எண்கோண முனைகளுக்குக் கோடு இழுத்தால், வட்டத்தில் இன்னும் எட்டு. பதினாறையும் சேருங்கள். இஸ்ஃபஹானில் எட்டு வளைவுக்கு மேல் பதினாறு சிறு வளைவுகள், அதற்கு மேல்தான் வட்டம்.

பக்கத்துக்கு 19.5 மி.மீ. வந்ததா? ஒன்று மட்டும் 21 காட்டினால், மூன்றாவது மூலைக்குத் திரும்பிப் போங்கள்.