இரண்டாவது கடை திறப்பதற்கு முன் முதல் கடையில் நிர்வாகத்தைச் சரிசெய்வது எப்படி?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலோ கேம்பல் லேனிலோ ஒரு சாப்பாட்டுக் கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும் நம்மவர்களுக்கு அடுத்து வரும் யோசனை, ஈசூனிலோ ஜூரோங்கிலோ இன்னொன்று போடலாமே என்பதுதான். தாராளமாகப் போடுங்கள். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: முதலாளி கடைக்கு வராத நாளிலும் இந்தக் கடை இதே மாதிரி நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் உங்களிடம் கைப்பக்குவம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், நிர்வாகம் மட்டும் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் இரண்டாவது கடை திறந்தால் இரண்டு கடையிலும் பாதி முதலாளிதான் இருப்பார்.

நிர்வாகம் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸ் மாடிக் கட்டடங்களில் கோட்டுப் போட்டவர்கள் செய்வது என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் அது உண்டு. வேலையை நாமே செய்வது வேறு, பலரைக் கொண்டு ஒரே இலக்கை நோக்கிச் செய்ய வைப்பது வேறு, இரண்டாவதுதான் நிர்வாகம். ஒருநாள் செய்து முடித்துவிட்டு மறந்துபோகிற காரியமும் இல்லை, கடை திறந்திருக்கும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். திவாலாகும் நிலையில் இருந்த பிரெஞ்சுச் சுரங்கக் கம்பெனி ஒன்றை 1888இல் பொறுப்பேற்று நிமிர்த்திய ஹென்றி ஃபயோல் என்ற பொறியாளர், நிர்வாகத்தின் வேலைகளை 1916இல் ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்: திட்டமிடுவது, ஆளையும் பொருளையும் அமைப்பது, ஆணையிடுவது, ஒருங்கிணைப்பது, கட்டுப்படுத்துவது. இன்றைக்கும் வணிக மாணவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். நான் நம் கடைகளுக்கு ஏற்ற வரிசையில் சொல்கிறேன்.

முதலில் யார் யாருக்குச் சொல்வது என்பதை முடிவு செய்யுங்கள். குடும்பமாக நடத்தும் கடைகளில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கல்லாவில் இருக்கும் அண்ணி தோசைக்கல்லில் நிற்கும் தம்பியைப் பார்த்து "மேசையைத் துடைப்பா" என்பார், அதே நிமிஷம் மாமா பின்வாசலில் இருந்து "லாரி வந்துடுச்சு, மூட்டையை இறக்கு" என்பார், முதலாளி போனில் கூப்பிட்டு கேட்டரிங் சாப்பாடு கட்டியாச்சா என்பார். அந்தத் தம்பி மூன்றையும் பாதி செய்வார், தோசை கருகும், கடைசியில் மூன்று பேரிடமும் திட்டு வாங்குவார். அவர் மேல் என்ன தப்பு? ஒரு தொழிலாளிக்கு ஒரே மேலாள் என்பது ஃபயோல் வற்புறுத்திய கொள்கைகளில் ஒன்று. ஆகவே சமையலறைக்கு ஒருவர், கூடத்துக்கும் கல்லாவுக்கும் ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். மாமாவுக்கு மூட்டை இறக்க ஆள் வேண்டுமென்றால் சமையலறைப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும், தம்பியிடம் நேரடியாகப் போகக் கூடாது. உறவில் மனவருத்தம் வரும் என்று பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டால் அந்த வருத்தம் எல்லார் முன்னாலும் கடையில் வெடிக்கும்.

பொறுப்புக் கொடுத்தால் அதிகாரமும் கூடவே போக வேண்டும். காய்கறி வரவில்லை என்றால் தேக்கா மார்க்கெட்டுக்கு ஆளை அனுப்பி எவ்வளவு வெள்ளி வரை கேட்காமல் வாங்கலாம், சாப்பாட்டில் குறை என்று ஒருவர் சொன்னால் காசைத் திருப்பிக் கொடுக்கலாமா, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுதிய வரம்புக்குள் அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மற்றவர்கள் முன்னால் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் போதும், அப்புறம் எதற்கெடுத்தாலும் உங்களுக்குப் போன் வரும்.

சரி, திட்டமிடல். இதற்குப் பெரிய அறிக்கை எதுவும் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி எவ்வளவு மாவு அரைப்பது என்பதை யாருடைய ஞாபகத்தை வைத்தும் முடிவு செய்யாமல், போன சில ஞாயிற்றுக்கிழமைகளின் விற்பனையைப் பார்த்து முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவுக்கு வெளிநாட்டு ஊழியர்கள் திரண்டு வருவதும், அதிலும் சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு தனிக் கணக்கு என்பதும் உங்களுக்கே தெரியும். ஆனால் அது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் இன்னொருவர் எப்படி மாவு அரைப்பார்? ஒரு நோட்டு போட்டு அரைத்தது, விற்றது, மிஞ்சியது மூன்றையும் தினமும் எழுதச் சொல்லுங்கள். தீபாவளிச் சந்தை நேரத்துக்கு அதே நோட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஆட்கள் விஷயத்தில் மட்டும் குத்துமதிப்பு வேண்டவே வேண்டாம், சட்டம் இருக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்குள் வரும் ஊழியருக்கு வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு சம்பளம், மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும், விவரமான சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். சீட்டு 2016 ஏப்ரலில் இருந்தே கட்டாயம். சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் மத்திய சேமநிதியை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். இரண்டாவது கடை வைக்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அதை வேறு கம்பெனியாகப் பதிந்தால், முதல் கடையில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் வெளிநாட்டு ஆளை அவசரத்துக்குக்கூட அங்கே நிறுத்த முடியாது, பெர்மிட்டில் உள்ள முதலாளியிடம், அதில் குறிப்பிட்ட வேலையைத்தான் அவர் செய்யலாம். இந்த எண்களையெல்லாம் முதலில் வைத்துக்கொண்டு பணி அட்டவணை போடுங்கள். ஆள் போதவில்லை என்று தாளிலேயே தெரிந்துவிட்டால் கடை திறக்கும் தேதியைத் தள்ளிவையுங்கள். களைத்துப்போன ஆளை வைத்துக் கடை நடத்துவது அவருக்கும் நல்லதில்லை, சூடான எண்ணெய்ப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

கட்டுப்பாடு என்றதும் கேமரா வைத்து ஆளைக் கண்காணிப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சீக்கிரமாகக் கண்டுபிடிப்பதுதான் அது. ராத்திரி கடை சாத்தும்போது ரொக்கம், நெட்ஸ் அட்டையில் வந்தது, பேநவ் வழியாகப் போனில் அனுப்பியது மூன்றையும் விற்பனைக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள், கல்லாவில் இருந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கணக்கு இடித்தால் உடனே திருட்டு என்று பாயாதீர்கள். பேநவ் போனதாகத் திரையை மட்டும் காட்டிவிட்டுப் போனவர் இருக்கலாம், பில் போடாமல் போன பார்சல் இருக்கலாம்.

கடைசியாக, வாரம் ஒருமுறை எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணி சரியான நேரம், கால் மணி நேரம் போதும். எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வந்த உற்பத்தித்திறன் இயக்கமும் அதன் சின்னமான டீமி தேனீயும் ஞாபகம் இருக்கும். வேலை செய்கிறவர்களே சிறு குழுக்களாகக் கூடி வேலையை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசும் பழக்கத்தை ஜப்பானிடமிருந்து எடுத்து அந்தக் காலத்தில் இங்கே பரப்பினார்கள், அது இன்றைக்கும் நம் கடைகளுக்குப் பொருந்தும். எந்தச் சட்னி தொடாமலேயே திரும்பி வருகிறது என்று தட்டுக் கழுவுகிற அக்காவுக்குத்தான் தெரியும், ஆனால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள். அவர் சொன்னதை வைத்து அளவைக் குறைத்தீர்களா, பக்குவத்தை மாற்றினீர்களா என்பதை அடுத்த செவ்வாய்க்கிழமை அவரிடமே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், சொல்லாமல் விட்டால் மூன்றாவது வாரம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.