முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குச் சரி சொல்லும் முன்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5, சிவியர் கேனால் ஸ்டெனோசிஸ்' என்று பார்த்ததுமே பாதிப் பேர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறார்கள். முதுகுத்தண்டுக்குள் நரம்புகள் இறங்கும் பாதை, இடுப்பின் 4-ஆவது, 5-ஆவது எலும்புகளுக்கு நடுவே நன்றாகச் சுருங்கிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஸ்கேனில் இவ்வளவு சுருக்கம் தெரிந்தும் சிரமமே இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு உங்கள் காலைக் கவனியுங்கள்.

படி 1: அவசரமா?

சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமலே போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் செருப்பு கழன்று விழுவது. இவற்றில் எது புதிதாக வந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சுருக்கம் கழுத்தில் என்றால் கணக்கே வேறு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறி, நடையும் தள்ளாடினால் காத்திருக்கக் கூடாது. இனி சொல்வதெல்லாம் இடுப்புப் பகுதிக்கு மட்டும்.

படி 2: வலி இதனால்தானா?

இந்தச் சுருக்கத்தால் வரும் வலி என்றால், ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றதும் தொடையும் கெண்டைக்காலும் கனத்து மரக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். தெருமுனை வரை நடக்க முடியாதவர் சைக்கிளில் குனிந்தபடி சந்தைக்கே போய்வருவார். முன்னால் வளைந்தால் நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, அதனால்தான். நடக்கும்போது வந்த வலி, உட்காராமல் சும்மா நின்றாலே குறைந்துவிடுகிறது என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் வரும் பாத எரிச்சல் இந்த ஆபரேஷனால் போகாது.

படி 3: எழுதி வையுங்கள்

எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று சில வாரம் குறியுங்கள். டாக்டரிடம் "ரொம்ப வலிக்குது" என்பதைவிட இது உதவும்.

படி 4: பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்து பாருங்கள்

அமெரிக்காவில் 169 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், 2 வருட முடிவில் பிசியோதெரபி பிரிவும் ஆபரேஷன் பிரிவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஆனால் பிசியோதெரபி பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். ஆபரேஷன் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள், உஷார்.

படி 5: சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

"எலும்பை எடுத்து இடம் விடுவது மட்டும்தானா, ஸ்க்ரூவும் வைப்பீர்களா?" இதுதான் முதல் கேள்வி. 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 247 பேரைப் பார்த்தபோது, ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்ததால் 2 வருடத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. செலவும் ரத்த இழப்பும் கூடியதுதான் மிச்சம். எலும்பு நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் ஸ்க்ரூ தேவைப்படலாம். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறொரு சர்ஜனையும் பாருங்கள்.

அடுத்து, எந்த வலி குறையும் என்று கேளுங்கள். கால் வலி குறைய நல்ல வாய்ப்பு உண்டு. இடுப்பு வலிக்கு அந்த உறுதி கிடையாது. நாள்பட்ட மரத்துப்போதல் அப்படியே தங்கிவிடலாம். நரம்பு உறை கிழிவது, சீழ் பிடிப்பது, மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

படி 6: முடிவு

முயன்று பார்த்தும் நடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகிறது, ஸ்கேனும் உங்கள் தொல்லையும் ஒத்துப்போகின்றன என்றால் செய்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. படி 1-இல் சொன்னது எதுவும் இல்லையென்றால் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.