யாழ்ப்பாண நகரில் தங்குவதற்கு விடுதி தெரிவு செய்தல்

யாழ்ப்பாணத்தில் விடுதி தேடுபவர், ஆஸ்பத்திரி வீதியையும் மத்திய பேருந்து நிலையத்தையும் அண்டிய பகுதியை முதலில் பார்ப்பது நல்லது. போதனா வைத்தியசாலை, கோட்டை, பொது நூலகம் ஆகியவை அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாட்களிலும் ஆலயச் சூழல் வீதிகளில் வாகனங்களுக்குத் தடை இருப்பதால், அப்பக்கம் தங்குபவர் முச்சக்கரவண்டி எதுவரை வரும் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

எங்கள் ஊரில் வந்தவரைப் பார்க்க உறவினர் திரண்டு வருவது வழமை. ஆகவே, பார்வையாளர் அறைவரை வரலாமா, வரவேற்புக்கூடத்தில் மட்டும் அமர வேண்டுமா, எத்தனை மணிவரை அனுமதி என்பவற்றை முன்பதிவின்போதே தெளிவாகக் கேளுங்கள். மூட்டுவலியுள்ள பெரியவர்கள் வருவார்களாயின், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் கீழ்த்தள அறையையே வற்புறுத்திப் பெறுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தனிமையைப் பொறுத்தவரை, பணம் செலுத்துமுன் அறையை நேரில் பார்ப்பதே சிறந்தது. கதவின் உட்தாழ்ப்பாள் உறுதியாக உள்ளதா, சாளரம் பொது நடைபாதையை நோக்கித் திறக்கிறதா, குளியலறைச் சாளரத்தின் கண்ணாடி ஊடாக உள்ளே தெரியுமா எனப் பாருங்கள். பக்கத்து அறையின் பேச்சுக் கேட்கிறதா என்பதைச் சற்று நின்று கவனியுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பதிவுக்குத் தேசிய அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டுங்கள். ஆனால் மூலப்பிரதியை அவர்களிடம் விட்டுச் செல்லாதீர்கள்.