பேர் தெரியாத மீனை ஃபார்மலினில் போடுமுன்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் வலையை உதறும்போது விழும் கழிசலில் பேர் தெரியாத உயிரைத் தேடி எடுக்கும் மாணவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த நிமிடமே அதை அப்படியே ஃபார்மலின் (உடல் அழுகாமல் காக்கும் ரசாயனக் கரைசல்) ஜாடிக்குள் போடுகிறார்கள், வயிறு எரிகிறது.

சதை எடுக்காமல் ஃபார்மலின்

ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுக்கும். புது இனமா, தெரிந்த இனத்தின் குஞ்சா என்று சந்தேகம் வந்தால் இனத்தை அடையாளம் காட்டும் சிஓஐ என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவார்கள். ஃபார்மலினில் ஊறிய சதையில் அது பெரும்பாலும் கிடைக்காது. செதிலையும் முள்ளையும் எண்ணிக்கொண்டே இருக்கலாம், சந்தேகம் தீராது. அதே மீன் இன்னொரு முறை வலையில் ஏறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரு பிளேடு இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் ஆத்திரம்.

முதலில் ஈரம் காயுமுன், இடப்பக்கம் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நிறம் நிற்காது. பிறகு மீனைத் திருப்பி, வலப்பக்கம் முதுகுத் துடுப்புக்குக் கீழே அரிசியளவு சதை வெட்டி, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் (ஆல்கஹால்) போடுங்கள். அளவெடுப்பது இடப்பக்கத்தில், அங்கே கத்தி படக்கூடாது. எத்தனால் சதையைப்போல் பத்து மடங்கு இருக்கட்டும். சதையிலுள்ள நீர் இறங்கி அதன் வீரியம் குறையும், ஆகவே மறுநாள் மாற்றிவிடுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் உதவாது. அடுத்த மீனுக்குப் புது பிளேடு.

அதற்குப் பிறகே ஃபார்மலின்: கடையில் வாங்கியது ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பெரிய மீனுக்கு வயிற்றிலும் ஊசியால் ஏற்றாவிட்டால் குடல் அழுகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். சங்கு, நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் நேரே எத்தனாலுக்குத்தான். ஃபார்மலினின் அமிலம் சுண்ணாம்பை அரிக்கும்.

ஏலக்கூடத்தின் பேரை எழுதுவது

கன்னியாகுமரிப் பக்கம் சின்னமுட்டம் துறைமுகத்தில் வாங்கிய மீனுக்குச் சீட்டில் "சின்னமுட்டம்" என்று எழுதினால், அது மீன் விலைபோன இடம். வாழ்ந்த கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். "எங்க இழுத்திய அண்ணாச்சி, எத்தன பாகம்?" என்று படகுக்காரரிடம் கேளுங்கள். பாகம் என்பது கடலாழ அளவு, ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். ஜிபிஎஸ் புள்ளியைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். அது அவர்கள் பிழைப்பு, வற்புறுத்த வேண்டாம். திசையும் ஆழமும் கிடைத்தாலே பெரிது.

பால்பாயின்ட் பேனா

எத்தனாலில் மை கரையும். பென்சிலால் எழுதுங்கள், சீட்டு ஜாடிக்கு உள்ளே இருக்கட்டும்.

வீட்டு அலமாரி

ஜாடியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கடல் அட்டை, கடல்குதிரை, பவளம்

எடுக்காதீர்கள். வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. படம் மட்டும் போதும்.