மழைக்காலத்தில் ஒரே குச்சியில் விளக்கேற்ற

கோவில்பட்டிப் பக்கம் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியிருக்கிறேன், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை. அதனாலோ என்னவோ, யாராவது ஒரு விளக்குக்கு நாலு குச்சி கிழித்தால் எனக்குக் கை பரபரக்கும். "குச்சி நமுத்துப் போச்சு" என்பார்கள். பெட்டியை வாங்கிப் பார்த்தால் பாதி நேரம் நமுத்திருப்பது குச்சியில்லை, பக்கவாட்டுப் பட்டைதான்.

தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை எல்லாம் இருக்கும். ஆனால் தீயைத் தொடங்கி வைக்கிற சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பட்டையில். சந்தேகமிருந்தால் குச்சியை ஆட்டுக்கல்லில் உரசிப் பாருங்கள். தலை தேயுமே தவிர பிடிக்காது. ஒரு காலத்தில் வெள்ளை பாஸ்பரஸைத் தலையிலேயே வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போனது. 1844இல் சுவீடனில் பாஷ் என்பவர் வெள்ளைக்குப் பதில் சிவப்பு பாஸ்பரஸை எடுத்து, அதைத் தலையில் வைக்காமல் பட்டையில் ஒட்டினார். நம் கையில் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

ஆகவே முதலில் பட்டையைப் பாருங்கள். நடுவில் தேய்ந்து அட்டை வெளுத்துத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் உரசுங்கள். எல்லோரும் நடுவிலேயே கிழிப்பதால் இரண்டு ஓரமும் புதிதாகவே கிடக்கும்.

குச்சியின் நடுவைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தலைக்குப் பின்னால் முட்டுக் கொடுங்கள். கொஞ்சம் சாய்த்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக, ஒரே இழுப்பு. பற்றியதும் முட்டுக் கொடுத்த விரலை எடுத்துவிட வேண்டும். டொக் டொக்கென்று தட்டாதீர்கள்; மருந்துதான் உதிரும். உரசுகிற சூட்டில் துளியூண்டு சிவப்பு பாஸ்பரஸ் வெள்ளையாக மாறிக் காற்றுப் பட்டதும் எரிகிறது. அந்தச் சூடு குளோரேட்டை உடைக்க, வெளிவரும் ஆக்சிஜனில் கந்தகம் சீறுகிறது. மூக்கைக் காட்டாதீர்கள், அந்த நெடி இருமலைக் கிளப்பும்.

இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். சீறும்போதே திரியிடம் ஓடுவார்கள், வழியிலேயே அணைந்துவிடும். சீறும் நேரத்தில் தலைக்குச் சொந்தமாக ஆக்சிஜன் உண்டு. காற்று அதை அவ்வளவு சுலபமாக அணைக்காது. மருந்து தீர்ந்து தீ மரத்துக்கு இறங்கும்போதுதான் ஆபத்து. அப்போது கையைக் குவித்து மறைத்து, தலையைச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். தீ மேல்நோக்கித்தானே ஏறும்? குச்சியில் ஏற்றியிருக்கும் மெழுகு உருகி, ஆவியாகி எரியும். சுடர் மஞ்சளாக நின்ற பிறகு திரிக்குக் கொண்டுபோனால் கார்த்திகைக்கு மொட்டைமாடியில்கூட ஒரு குச்சி போதும். 2021 டிசம்பரில் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபிறகு இதில் எனக்கு இன்னும் கறார்.

பெட்டியை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். சோறு வடிக்கிற ஆவியில் பசை இளகிவிடும். மூடி போட்ட பாட்டிலில் அடியில் பிடி அரிசி போட்டு, பெட்டியோடு வையுங்கள். உதிரிக் குச்சியையும் கிழித்தெடுத்த பட்டையையும் ஒன்றாகப் போடவே கூடாது, குலுங்கினால் உரசும். நமுத்ததை வெயிலில் காயவைக்கலாம். அடுப்பில் காட்ட வேண்டாம்.

அணைத்த குச்சி கங்காகக் கனியாமலிருக்க மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைப்பதுண்டு. எல்லாக் குச்சியும் சரியாக ஊறியிருக்கும் என்று நம்பிவிட முடியாது. எங்கள் மாமியாருக்கு எரிந்த குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போடுகிற பழக்கம். ஒருநாள் பெட்டி முழுவதும் புஸ்ஸென்று பற்றி, முந்தானையில் எட்டணா அளவு ஓட்டை. "குச்சிதான் அணைஞ்சு போச்சே!" என்று நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள் விளக்கு மாடத்தில் தண்ணீர் ஊற்றிய சிரட்டை ஒன்றை அவரே கொண்டுவந்து வைத்தார்.